இலாபங் கருதா அரங்குகளும் கூட்டுப் பேரமும்

புலவன் தனித்திருந்து கவி புனையலாம். ஓவியன் தனித்திருந்து சித்திரம் தீட்டலாம். நாடகமோ பலர் கூடினாலன்றி நிகழாத கலை. எனினும் ஊதியம் பேசும் வேளையில் நடிகன் தனியனாகவே நிற்றல் வேண்டியிருந்தது. அத் தனிமையைப் போக்க எழுந்ததே கூட்டுப் பேரம் என்னும் முறை. தொழிலாளர் பலரும் ஒரு சங்கமாய்த் திரண்டு, தம் ஊதியத்தையும் வேலை நிபந்தனைகளையும் தொழில் கொள்வோரோடு பேசி, எல்லார்க்கும் பொதுவான உடன்படிக்கை ஒன்றினைச் செய்துகொள்ளுதல் அதன் இயல்பு.

முதலாளி இலாபம் ஈட்டும் இடத்தில் இம்முறையின் நியாயம் எளிதில் விளங்கும். இலாபமே எவரும் எடுக்காத ஓரிடத்தில் பேரம் எதன் பொருட்டு? ஐக்கிய அமெரிக்காவின் பிரதேச நாடக அரங்குகளின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

முன்னைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நடிகர் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. ஒத்திகைக்கு ஊதியம் இல்லை. உடைகளைப் பலர் தம் பொருள் கொண்டே வாங்கினர். நாடகம் தோல்வியுறின், குழுவினர் வெளியூரில் வழிச்செலவுக்கும் வகையின்றி விடப்படுவதுண்டு. 1913 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் நடிகர் சிலர் கூடி 'எக்குவிற்றி' என்று வழங்கும் சங்கத்தை நிறுவினர். அச்சொல்லின் பொருள் சமநீதி என்பதாம். 1919 இல் அவர்கள் நடாத்திய வேலைநிறுத்தம் 30 நாள் நீடித்து, எட்டு நகரங்களுக்குப் பரவி, 37 நாடகங்களை நிறுத்திற்று. ஈற்றில் தயாரிப்பாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டனர். 1935 இன் தேசிய தொழிலுறவுச் சட்டம், தொழிலாளர் தேர்ந்த சங்கத்தோடு பேச மறுப்பதை முறைகேடான செயல் என வகுத்தது.

பிரதேச அரங்குகளின் தோற்றம்

அக்காலத்து அமெரிக்க நாடகத் தொழில் பெரும்பாலும் நியூயோர்க்கின் புரோட்வே வீதியைச் சார்ந்த வணிகமாகும். இந்நிலையை மாற்ற முனைந்தோருள் மார்கோ ஜோன்ஸ், நீனா வான்ஸ், செல்டா பிச்சாண்ட்லர் என்னும் பெண்மணிகள் மூவர் தலையாயோர். முதலிருவரும் 1947 இல் முறையே டலஸ், ஹூஸ்ரன் நகரங்களிலும், பிச்சாண்ட்லர் தம் துணைவரோடும் 1950 இல் வாசிங்டனிலும் அரங்குகளைத் தொடக்கினர். 1963 இல் சேர் ரைரன் கத்திரியின் பெயரால் மினியாப்பொலிஸ் நகரில் ஓர் அரங்கு 'ஹம்லெற்' நாடகத்தோடு திறக்கப்பட்டது. போட் அறநிதியத்தின் கொடையும், 1965 இல் அமைந்த தேசிய கலைநிதியும் இவ்வியக்கத்திற்கு ஊட்டமளித்தன.

இவ்வரங்குகள் இலாபங் கருதாதவை. அவற்றிற்குப் பங்குதாரர் இலர், மிகுதி வருமாயின் அது கலைக்கே திரும்பும், வரிவிலக்கும் உண்டு. மேற்பார்வை செய்யும் சபையினர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஊர்ப் பெரியோர். நுழைவுச்சீட்டு வருவாய் செலவை ஈடுசெய்யாமையின் நன்கொடையே துணையாகும்.

பேரம் நிகழுமாறு

ஒவ்வோர் அரங்கும் எக்குவிற்றியோடு தனித்தனியே பேசுதல் இருபாலார்க்கும் வீண் சுமை. ஆதலின் 1960 களின் நடுப்பகுதியில் அரங்குகள் பல சேர்ந்து நிலையரங்குகளின் சங்கம் ஒன்றை அமைத்தன. 'லோட்' எனச் சுருக்கி அழைக்கப்படும் அச்சங்கத்தில் இன்று 70 இற்கு மேற்பட்ட அரங்குகள் உள. ஆகவே ஈண்டுப் பேரம் பேசும் இருபாலும் கூட்டாகவே அமைந்திருத்தல் நோக்கற்பாலது. நடிகரும் மேடை முகாமையாளரும் எக்குவிற்றியின் வாயிலாகவும், நெறியாளரும் காட்சியமைப்போரும் தத்தம் சங்கங்களின் வாயிலாகவும் இதனோடு உடன்படிக்கை செய்கின்றனர்.

செல்வமிக்க அரங்கும் சிற்றரங்கும் ஒரே ஊதியம் கொடுத்தல் இயலாது. எனவே வாராந்த நுழைவுச்சீட்டு வருவாயைக் கொண்டு அரங்குகள் ஏ, பி, சி, டி முதலிய வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் குறைந்தபட்ச ஊதியம் விதிக்கப்படுகின்றது. அது அடித்தளமேயன்றிக் கூரையன்று. அதனின் மிகுதியாக எவரும் கேட்டுப் பெறலாம். ஓய்வூதிய நிதி, நலக் காப்புறுதி என்பவற்றிற்கு அரங்கு செலுத்தும் பங்கும் உடன்படிக்கையில் அடங்கும். ஒத்திகையில் 55 நிமிடத்தின் பின் 5 நிமிடம், அல்லது 80 நிமிடத்தின் பின் 10 நிமிடம் ஓய்வு என்னுமளவிற்கு விதிகள் நுணுக்கமானவை. இவற்றைக் கண்காணிக்க நடிகர் தம்முள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்துகொள்வர்.

உண்மையான சிக்கல்

1966 இல் போமல், போவன் என்னும் பொருளியலறிஞர் இருவர் இக்கலைகளின் இடர்ப்பாட்டை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். அவர்தம் கருத்தை இவ்வாறு சுருக்கலாம். ஆலையிலே பொறிகள் பெருகப் பெருக ஒருவன் ஒரு மணி நேரத்தில் ஆக்கும் பொருளும் பெருகும். ஊதியம் உயரினும் பொருளின் விலை ஏறவேண்டியதில்லை. 'ஹம்லெற்' நாடகத்தை நடிக்கவோ, சேக்சுப்பியர் காலத்தில் வேண்டிய ஆட்களும் நேரமும் இன்றும் வேண்டும். பிற தொழில்களோடொப்ப நடிகர் ஊதியம் உயருமாயின், நாடகச் செலவு ஓயாது ஏறும். உயராதுவிடின், வல்லோர் தொழிலைத் துறப்பர்.

எனவே இலாபமில்லா அரங்கிலும் பேரத்திற்குப் பொருள் உண்டு. இங்கே பேசப்படுவது இலாபத்தைப் பங்கிடுவதன்று. பற்றாக்குறையை யார் சுமப்பது என்பதே. கலைக்காகவே தொண்டு செய்கின்றோம் என்று அரங்கினர் கூறுவது மெய்யே. ஆனால் சீட்டின் விலை மலிவாயிருத்தற்கு நடிகனின் குறைந்த ஊதியம் காரணமாயின், அவனும் ஒரு கொடையாளனே. மற்றைய கொடையாளரின் பெயர் பலகையிற் பொறிக்கப்படும், அவன் பெயரோ அவ்வரிசையில் இராது. மறுபுறத்தில், தாங்கவியலாத உடன்படிக்கை சிறிய நாடகங்களுக்கும், அருகிய வேலைவாய்ப்புக்கும், சிலவேளை மூடிய கதவுகளுக்கும் வழிவகுக்கும். இரண்டும் மெய்யாதலின் பேரம் கடினமாகின்றது.

அரங்கும் இழப்புக்கு ஆளாவதுண்டு. 'பெரு வெள்ளை நம்பிக்கை' எனப் பொருள்படும் பெயர்கொண்ட நாடகம் 1967 இல் பிச்சாண்ட்லரின் அரங்கிலே முதன்முதல் மேடையேறி, 1968 இல் புரோட்வே சென்று, 1969 இல் புலிற்சர் பரிசு பெற்றது. வணிக அரங்கில் அது ஈட்டிய பொருளில் ஈன்ற அரங்கிற்குப் பங்கு கிட்டவில்லை. பிரதேச அரங்கில் பிறந்த நாடகம் வணிக மேடை ஏறும்போது உரிமை யார்க்கு எவ்வளவு என்பதை முன்னரே எழுதிக்கொள்ளல் வேண்டும் என்னும் பாடத்தை அது புகட்டிற்று.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் அரங்குகள் மூடியபோது உடன்படிக்கையின் வலிமையும் மெலிவும் ஒருங்கே வெளிப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தான் ஒப்பும்வரை நேர்முக நடிப்பிற்கு எக்குவிற்றி இசையவில்லை. அவ்வாண்டு யூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இரண்டு அரங்குகளே முதற்கண் இசைவு பெற்றன. உடல்நலத்தைக் காத்த வலிமை அது. ஆனால் நலக் காப்புறுதி உழைத்த வாரங்களின் தொகையைப் பொறுத்திருந்தமையால், வேலையிழந்தோர் பலர் நோய்க்காலத்திலேயே அக்காப்பினையும் இழக்க நேர்ந்தது.

முடிவுரை

ஆசிரியத் தொழிலுக்கும் இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. போமல் தம் கொள்கையைக் கல்விக்கும் விரித்துரைத்தார். ஒரு பாடத்தை ஒரு மாணவன் நெஞ்சிற் பதிய வைத்தற்கு முன்னாளில் வேண்டிய பொறுமை இந்நாளிலும் வேண்டும். பொறி அதனைச் சுருக்கித் தராது. தொண்டு என்னும் சொல் உயர்ந்ததே. ஆயினும் தொண்டு தானே விரும்பிச் செய்வது. பிறர் கணக்கெழுதி ஒருவன் மேற் சுமத்துவதன்று. அவ்விரண்டையும் வேறுபிரித்து, இருபாலாரும் ஒரு மேசையின் முன் அமர்ந்து எழுத்தில் வைத்தலே கூட்டுப் பேரத்தின் பயன் என்க.