பல்பாதை வலையமைப்பிற் சுமைப் பங்கீடு: ஒரு விளக்கம்

தரவு நிலையமொன்றில் இரு கணினிகளுக்கிடையே சமமான பாதைகள் பல அமைந்துள்ளன. 1953 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் குளோஸ் தொலைபேசி இணைப்பகங்களுக்கென வகுத்த பல்படி அமைப்பே இதன் மூலமாகும். சிறிய ஆளிகள் பலவற்றை இணைத்துப் பேராளியொன்றின் பயனைப் பெறலாமென அவர் காட்டினார். பாதைகள் பலவாயின் அவற்றிடையே சுமையைப் பங்கிடுவது எவ்வாறு என்பதையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

வழக்கிலுள்ள முறை எளிமையானது. அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, இருபுறத்து வாயில் எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தையும் ஒரு கணிதச் சார்புக்கு உட்படுத்தி, அதன் பெறுபேற்றைக் கொண்டு ஆளி பாதையைத் தெரிகின்றது. இதனால் ஓர் இணைப்பின் பொதிகள் யாவும் ஒரே பாதையிற் செல்கின்றன, வரிசை குலைவதில்லை. வரிசை குலையின், பொதி தொலைந்ததெனக் கருதி ரி.சி.பி. நெறிமுறை தன் வேகத்தைக் குறைத்துவிடும்.

ஆயின் இம்முறை இணைப்புகள் யாவற்றையும் ஒன்றெனவே கொள்கின்றது. அவற்றின் பருமனை நோக்குவதில்லை. பெரும் பாய்ச்சல்கள் இரண்டு ஒரே பாதையிற் சேர, அயற்பாதை வெறுமையாகக் கிடக்கும். அந்நெருக்கடியிற் சிக்கிய சிறு வேண்டுகோள்களே காத்திருக்க நேரிடுகின்றது. வடிவநிலைச் சமத்துவம் உண்மைச் சமத்துவமாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இதற்கான திருத்தங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2010 இல் முன்வைக்கப்பட்ட ஹெடெரா, பெரும் பாய்ச்சல்களை இனங்கண்டு மையத்திலிருந்தே பாதை மாற்றியது. 2013 இல் பரிசோதனை நியமமாக வெளியான பல்பாதை ரி.சி.பி., ஓர் இணைப்பைக் கிளைகளாகப் பிரித்து, நெருக்கடி குறைந்த கிளைக்குச் சுமையை முனைகளிலிருந்தே நகர்த்துகின்றது. முன்னது மையத் திட்டமிடல். பின்னது முனைகளின் சுயசீராக்கம். நெருக்கடி பற்றிய அறிவு பங்கிடுவோரை எந்த அளவுக்கு எட்டுகின்றதோ, அந்த அளவுக்கே பங்கீடு நேரியதாகும் என்பது எமது முடிபு.