காய்க்குப் பக்கத்தில் ஒரு பூச்செடி

பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வீட்டுத்தோட்டம் என்றாலே பலரும் ஆடி மாதத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஆடிப்பட்டம் மழையையும் ஆற்றுநீரையும் நம்பிய வயலுக்கான கணக்கு. குழாய்த் தண்ணீர் உள்ள மொட்டைமாடிக்குத் தை, மாசியும் நல்ல பட்டம்தான். பாகல், புடலை, பீர்க்குக்கு ஜனவரியும் வெண்டைக்குப் பிப்ரவரியும் ஏற்ற பருவம் என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது.

மாசியைத் தவறவிட்டு சித்திரையில் விதைத்தால் முளைக்கும், கொடியும் ஓடும். ஆனால் வெப்பம் கூடக் கூட பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண்பூக்களே அதிகம் வரும். பிஞ்சு தாங்கிய பெண்பூ குறையும். வெயில் உச்சத்துக்குப் போகுமுன் கொடி பந்தல் ஏறிவிட வேண்டும். தக்காளியை இந்தப் பட்டத்தில் விட்டுவிடுவதே நல்லது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் அதன் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதற்கு ஒதுக்கிய வளர்ப்புப் பையில் கத்தரியோ கொத்தவரையோ வையுங்கள்.

மண்கலவைக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதிலுள்ள உப்பு இளநாற்றைக் கருக்கிவிடும். பாகல் விதையின் ஓடு கெட்டி என்பதால் ஓர் இரவு ஊறட்டும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் வடியும், தளமும் கெடாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பூச்செடிகளைப் பற்றி. இடமில்லை என்று பலர் முதலில் ஒதுக்குவது அவற்றைத்தான். வெண்டையும் கத்தரியும் தம் மகரந்தத்திலேயே பெரும்பாலும் காய்த்துவிடும். கொடிக்காய்கள் அப்படியல்ல. ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுசெல்ல ஒரு பூச்சி வந்தே தீர வேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி, கீழே விழும். சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுகிறவர்கள் ஏராளம். செடிக்கு வேண்டியது உரமல்ல, தேனீ. நாலாவது மாடிக்கு அதை வரவழைக்கப் பூ வேண்டும்.

கேந்தி, சூரியகாந்தி, காஸ்மோஸ், பூவிட்ட துளசி ஆகியவற்றில் எது வைத்தாலும் தேனீ தேடி வரும். கொசுத்தேனீகூட வரும். கேந்தியை மட்டும் கட்டாயம் வையுங்கள். அதன் வேரில் சுரக்கும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுவை மட்டுப்படுத்தும். பத்துமணிப்பூவும் கோழிக்கொண்டையும் கோடை வெயிலுக்கு அஞ்சாதவை. மல்லிகைக்கு முழுவெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

தேனீ பழகும்வரை மகரந்தம் சேர்க்கும் வேலையை நாமே செய்யலாம். பூவின் அடியில் குட்டிக் காய் போல் புடைத்திருந்தால் பெண்பூ, வெறும் காம்பு என்றால் ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினால் போதும். பூசணி, வெள்ளரி, பாகலுக்குக் காலையில் செய்ய வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. விளக்கேற்றும் நேரத்தில் மாடிக்குப் போங்கள். தொட்ட பிஞ்சு ஓரிரு நாளில் தலை குனிந்து பருக்கத் தொடங்கும். அந்த நிலையில் ஒரு காகிதப் பையை மாட்டிவிட்டால் பழ ஈ முட்டையிடாது.

ரசாயன மருந்து வீட்டுத்தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. மருந்தடித்து மாளவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நம் மாடியிலும் அத்தகைய நண்பர்கள் உண்டு. அசுவினி தென்பட்டால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலக்கி, தேனீ நடமாட்டம் அடங்கிய பிறகு தெளியுங்கள்.

முதல் முறை என்றால் ஐந்தாறு பைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டில் வெண்டை, ஒன்றில் கீரை, இரண்டில் கொடி, ஒன்றில் கேந்தி. இந்த வாரமே விதையுங்கள். கீரை 25 நாளில் பறிக்கலாம், வெண்டை 45 நாளில் சமையலுக்கு வந்துவிடும்.