உங்களுக்குத் தெரியுமா? தசைக்குள் குடியிருக்கும் புழு

1835இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பிணம் அறுத்துப் படித்துக்கொண்டிருந்தார் முதலாண்டு மாணவர் ஜேம்ஸ் பேஜெட். தசையில் வெள்ளை மணல்போல நறநறவென்று ஏதோ தட்டுப்பட்டது. கத்தியை மழுக்கும் சனியன் என்றுதான் அதுவரை மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஒவ்வொரு துகளுக்குள்ளும் சுருண்டு கிடந்தது ஒரு புழு. இன்று அதற்குப் பெயர் டிரிக்கினெல்லா.

பன்றி, காட்டுப்பன்றி, கரடிக் கறியை அரைவேக்காட்டில் தின்றால் இது வரும். குடலில் பிறக்கும் குஞ்சுகள் ரத்தத்தோடு போய்த் தசைச் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லையே தமக்குத் தீனி போட வைக்கும். ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாசம். காய்ச்சல், உடம்புவலி, கண்ணைச் சுற்றி வீக்கம், ரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்களின் ஏற்றம். நம்மூரில் யாராக இருந்தாலும் முதலில் சிக்குன்குனியா என்றுதான் சொல்வோம்.

இந்தியாவில் இது அபூர்வம். உத்தரகாண்ட் மலைக்கிராமம் ஒன்றில், விருந்தில் சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவர்கள் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்த சம்பவத்தை 2012இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. உயிரிழப்பும் உண்டு.

புதுக்கோட்டை வாசகர்களுக்கு: கடலைக்கொல்லையில் புகுந்த காட்டுப்பன்றியை யாராவது அடித்து, உப்புக்கண்டம் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். உப்பும் வெயிலும் புகையும் இந்தப் புழுவை நிச்சயமாகக் கொல்லும் என்று நம்ப முடியாது. கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். வேட்டையாடிய குற்றத்துக்கு வழக்கு தனி.

உடும்பு நாக்கைப் பச்சையாக விழுங்கினால் தெம்பு என்பார்கள். கேரளத்தில் உடும்பைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு வேறொரு புழு மூளைக்காய்ச்சலைத்தான் கொடுத்தது. உடும்பை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

மலேசியாவில் சொந்தக்காரர் இருக்கிறாரா? 2012இல் பாங்கோர் தீவுக்குப் போன 92 பேர் கொண்ட கல்லூரிக் குழுவில் 89 பேருக்குக் காய்ச்சல், தசைவலி. காரணம் சார்கோசிஸ்டிஸ் என்னும் ஒட்டுண்ணி. பாம்பின் எச்சம் கலந்த தண்ணீரோ உணவோ வழி என்று சந்தேகிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரம் ஆஸ்திரேலியாவின் ஹேகாக்நீமா என்னும் புழு. 1990களில் டாஸ்மேனியாவில் கண்டுபிடித்தார்கள். தசை மெல்ல மெல்ல வலுவிழக்கும். காட்டு விலங்குகளிடமிருந்து தொற்றுகிறது என்பது ஊகம்தான். சாதாரண தசை அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றும். தசையில் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் புழு தெரியும். அதற்கு மருந்து, நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க நாளில் ஒன்று கொடுக்கிறார்களே, அதே அல்பென்டசோல். இந்த நோய்க்கு வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும், மருத்துவர் கண்காணிப்பில்.