எர்த் கிட் போட்டால் பிக்கப் ஏறுமா?

"அண்ணே, எர்த் கிட் போட்டா பிக்கப் ஏறுமாமே?" கூரத்தில் என் ஷெட்டுக்கு வருகிற தம்பிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கையில் சிவப்பும் நீலமுமாக ஐந்தாறு தடித்த வயர். ஒரு முனையை பேட்டரி மைனஸில் மாட்டி, மற்றதை இன்ஜின் ஹெட், ஆல்டர்னேட்டர், பாடி என்று முடுக்க வேண்டும். எர்த் ஒழுங்காக இருக்கிற காரில் இதனால் பிக்கப்பும் ஏறாது, மைலேஜும் கூடாது.

காரின் எர்த்துக்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. பிளஸ்ஸில் புறப்பட்ட கரண்ட் மைனஸுக்குத் திரும்புகிற வழி அது. பெரும்பாலும் இரும்பு பாடிதான் அந்த வழி. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், அதைச் சேர்க்கத் தடித்த கேபிளை கம்பெனியே போட்டுத் தருகிறது. பிக்கப், மைலேஜ் விஷயத்துக்கு வருவோம். நம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ வந்தபோதே கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு என்பதை இசியூ என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சென்சார் எர்த் பெரும்பாலும் தனி வயரில் இசியூவுக்கே திரும்பிவிடும். வெளியே மாட்டுகிற வயர் அந்தக் கணக்கைத் தொடாது.

ஆனாலும் கிட் போட்ட சிலர் வண்டி மாறிவிட்டது என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரைச் சேற்றில் ஓடிய பழைய ஆம்னியைத் திறந்து பாருங்கள். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருக்கும். எர்த் போல்ட்டின் வாஷருக்கு அடியில் துரு பொருக்காக நிற்கும். அந்த இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே, 150 ஆம்பியர் இழுக்கிற ஸ்டார்ட்டருக்கு 1.5 வோல்ட் வீணாகிவிடும். ஹாலோஜன் பல்புக்கு 5 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 15 சதவீதம் மங்கும். கிட் மாட்டும்போது போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுகிறார்களே, பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடுகிறது. மீதி, செத்துப்போன பழைய கேபிளுக்குப் பதிலாக ஒரு நல்ல கேபிள் கிடைத்ததால்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸின் ஈயக் கட்டையிலும் சிவப்பை இன்ஜினின் வெறும் இரும்பிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தொட்டால் மைனஸைக் கழற்றிவிட்டு, போல்ட் இடங்களை உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கேபிளே அரித்திருந்தால் அதே தடிமனில் புதிது போடுங்கள்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தவர்களுக்கு, பிளஸ் வயருக்கு இணையான தடிமனில் எர்த் தேவைதான். அது தனிக் கணக்கு.

புதிய கார்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் மைனஸ் முனையிலேயே பேட்டரி சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி ஈயக் கட்டையில் நேராக வயர் மாட்டினால், அந்த வழியாகப் போகிற கரண்ட் கணக்கில் சேராது, சார்ஜிங் தப்பாகும்.

ஆகவே கிட்டுக்குப் பணம் எடுப்பதற்கு முன் உங்கள் எலக்ட்ரீஷியனிடம் அந்த ஒரு ரீடிங்கைக் கேட்டு வாங்குங்கள். 0.2-க்குள் இருந்தால் வயர் வாங்க வேண்டாம்.