கிருபை இருக்க முயற்சி எதற்கு?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்க ஆலயங்கள் நடந்து போகும் தூரத்தில் அமைந்துள்ளன. தவக்காலம் வந்தால் அங்கும் கிள்ளானிலும் கிறிஸ்தவர்கள் பலர் தீர்மானம் எடுப்பதுண்டு: இனிக் குடிப்பதில்லை, கோபப்படுவதில்லை, தினமும் வேதம் வாசிப்பது. இரண்டாவது வாரத்திலேயே தீர்மானம் உடைந்துவிட்டால்? “எனக்குக் கிருபை கிடைக்கவில்லை” என்று ஒருவர் ஜெபத்தையே நிறுத்திவிடுகிறார். “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று இன்னொருவர் முயற்சியைக் கைவிடுகிறார். இருவரும் எங்கே தவறுகிறார்கள்?

கிருபை என்பது சம்பளம் அல்ல, கொடை. இதை வலியுறுத்தியே 1517இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய விவாதம் திருச்சபையைப் பிளந்தது. நற்செயல்களால் மீட்பை விலைக்கு வாங்க முடியாது என்றார் அவர். ஆனால், உண்மையான விசுவாசம் நற்செயல் இல்லாமல் சும்மா இருக்காது என்பதும் அவருடைய போதனையே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், திருவிருந்து ஆகியவற்றைக் கிருபை நம்மிடம் வந்து சேரும் வழிகள் என்று விளக்கினார். கிருபையே முந்துகிறது, மனிதன் அதனோடு ஒத்துழைக்கிறான் என்பது கத்தோலிக்கப் போதனை.

நூற்றாண்டுகள் நீண்ட இந்தச் சர்ச்சையில் 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியால் அல்ல, கிருபையால். அந்தக் கிருபையே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தனர்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம், 12, 13 வசனங்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மீட்பு நிறைவேற உழைக்கச் சொல்லும் பவுல், அதற்கான விருப்பத்தையும் ஆற்றலையும் தருபவர் கடவுளே என்கிறார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விடியற்காலையில் மரம் வெட்டி மங்கு வைப்பது தொழிலாளியின் வேலை. பாலை உண்டாக்குவது அவர் அல்ல, மரம். அதற்காக வெட்டாமல் இருந்தால் மங்கு நிறையுமா? மழை பெய்து ஒருநாள் வேலை கெட்டால், மரத்தில் பால் வற்றிவிட்டது என்று யாரும் தோட்டத்தை விட்டுப் போவதில்லை. மறுநாள் மீண்டும் போவார்கள்.

தீர்மானம் உடைந்தவரும் அப்படியே மறுநாள் ஜெபத்துக்குத் திரும்பலாம். எழ வேண்டும் என்று தோன்றுகிறதே, அதுவே கிருபையின் வேலைதான்.