கரும்புச் சாற்றில் திரும்பும் ஒளி

கோவை ஆர்.எஸ்.புரத்துக்கு மேற்கே, வீரகேரளத்தில் இருக்கிறது 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம். தடித்து இனிக்கும் ‘வெள்ளை’ கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து உருவான கோ 205 ரகம் 1918-இல் இங்கிருந்துதான் வடநாட்டு வயல்களுக்குப் போனது. இன்று தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான கோ 86032-உம் இந்த நிறுவனம் தந்ததே. ஒரு நல்ல ரகம் கிடைக்க ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கழித்துக்கட்ட வேண்டும். எதில் சர்க்கரை அதிகம்? நாக்கை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. ஒளிதான் இதற்கு வழி.

வயலில் அதற்குக் கை ரிஃப்ராக்டோமீட்டர் போதும். கரும்பில் துளையிட்டு எடுத்த சாற்றில் இரண்டு சொட்டைக் கண்ணாடிப் பட்டகத்தில் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணருகே பிடிக்க வேண்டும். உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை; இரண்டும் சந்திக்கும் கோட்டில் தெரியும் எண்தான் பிரிக்ஸ், அதாவது சாற்றில் கரைந்திருப்பவற்றின் அளவு. அடிக்கரும்பிலும் நுனியிலும் அந்த எண் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் கரும்பு முற்றிவிட்டது, வெட்டலாம். ஆனால் சாற்றில் கரைந்த உப்பையும் இது சேர்த்தே கணக்கிடும்.

சர்க்கரையை மட்டும் அளக்க ஆய்வகத்தில் போலாரிமீட்டர் வேண்டும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சாறு நிரப்பிய குழாய்க்குள் அனுப்பினால், சுக்ரோஸ் மூலக்கூறுகள் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பிவிடும். 100 மில்லி கரைசலில் 26 கிராம் தூய சர்க்கரை இருந்தால், 20 சென்டிமீட்டர் குழாயில் திருப்பம் ஏறத்தாழ 34.6 டிகிரி. ஆலைகள் இதையே 100 என்று வைத்துக்கொள்கின்றன. சில கரிமத் திரவங்களுக்கு இப்படி ஒளியைத் திருப்பும் குணம் உண்டென்று பிரான்சின் இயற்பியலாளர் பியோ கண்டது 1815-இல்.

இந்தக் கருவியும் ஏமாறும். வெட்டிய கரும்பு வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் பாக்டீரியா அதில் டெக்ஸ்ட்ரான் என்ற பசையை உண்டாக்குகிறது. டெக்ஸ்ட்ரான் சர்க்கரையைவிட வலுவாக ஒளியை வலப்பக்கம் திருப்பும். கெட்டுப்போன கரும்பு, அளவையில் இனிப்பானதாகத் தெரியும்!

அங்கேதான் நிறமாலை கைகொடுக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கின் நிறத்தைத் தனக்கே உரிய அளவில் மாற்றுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டே சர்க்கரை எது, டெக்ஸ்ட்ரான் எது என்று பிரித்தறியலாம். சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில் கண்டுபிடித்தது இந்த நிறமாற்றத்தைத்தான். அன்று அந்த மங்கிய கோடுகளைப் படம்பிடிக்கப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960-இல் லேசர் வந்தபின் வேலை வெகுவாக எளிதாயிற்று.

நிறமாலையில் இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலிய ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியை நறுக்கிய கரும்பின் மேலேயே பாய்ச்சிச் சர்க்கரையை அளக்கிறார்கள்; அங்கே விவசாயியின் பணம் அவருடைய கரும்பின் இனிப்பைப் பொறுத்தது. இந்தியாவில் மத்திய அரசின் விலை ஆலையின் சராசரிச் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதத்தை, ஒட்டியது. 2024-25 பருவத்தில் 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய். பார்த்துப் பார்த்து இனிப்பான கரும்பு விளைவித்தவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஒரே விலை. ஒரு லோடு கரும்பைச் சில நிமிடங்களில் அளக்கும் ஒளிக்கருவி உலகில் இருக்கும்போது, அது நம் ஆலைகளின் எடைமேடைக்கும் வந்தாக வேண்டும்.