வாய்ப்புண்: வலிக்கும் புண்ணும் வலிக்காத புண்ணும்

மனிதருக்கு வரும் துன்பங்களில், சிறியவை என்று நாம் ஒதுக்கிவிடுபவை சில உண்டு. வாய்ப்புண் அவற்றுள் ஒன்று. உளுந்தளவே உள்ள புண்தான்; ஆயினும் அது ஒருவருடைய உணவையும் உறக்கத்தையும் உழைப்பையும் ஒருங்கே கெடுத்துவிட வல்லது. விடியற்காலை முதல் தறியில் அமர்ந்து நெய்தவர் நண்பகலில் இலைமுன் அமர்கிறார். ரசஞ்சோற்றின் முதற் கவளம் உதட்டின் உட்புறத்தைத் தொட்டதும் கண்களில் நீர் துளிக்கிறது. பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து, வெறும் மோரைக் குடித்துவிட்டு மீண்டும் தறிக்குச் செல்கிறார். களை எடுக்கும் பெண்ணும் இவ்வாறே பசியோடு வயலில் குனிந்து நிற்கிறாள். வெளியே தெரியாத புண்ணாதலின் பிறர் இரக்கங்கொள்ளவும் வழியில்லை.

இத்தகைய புண்ணைத் தணித்துக் கொள்வது எவ்வாறு, எந்தப் புண்ணைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடவேண்டும் என்னும் இரண்டையும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

சாதாரண வாய்ப்புண்

பெரும்பாலோருக்கு வருவது வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமைந்த சிறு புண். நடுவில் வெண்மை அல்லது மஞ்சள் நிறமும், சுற்றிலும் சிவந்த விளிம்பும் காணப்படும். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாவின் ஓரம், நாவின் அடிப்புறம் ஆகிய மெல்லிய இடங்களிலேயே இது தோன்றும். முதல் மூன்று நான்கு நாட்கள் வலி மிகுந்திருக்கும், பின்னர்த் தணியும். பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் தழும்பின்றி ஆறிவிடும். இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. உதட்டின் வெளிப்புறத்தில் கொத்தாக எழும் நீர்க்கொப்புளம் வேறு வகை, அது தொற்றக்கூடியது. அந்நிலையில் பிறர் அருந்தும் குவளையைப் பயன்படுத்துவதும் குழந்தைகளை முத்தமிடுவதும் கூடா.

உண்ணும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்ளுதல், உடைந்த பல்லின் கூர்மை, சரியாகப் பொருந்தாத பொய்ப்பற்கள், உறக்கமின்மை, மனக்கவலை ஆகியவை இப்புண் எழுவதற்குக் காரணங்களாகும். நூல் முனையைப் பல்லாற் கடித்தறுக்கும் பழக்கமுள்ளவர் ஈறும் உதடும் காயப்படுவதை உணர்ந்து கத்தரியைக் கையாளுவது நன்று. பயிருக்கு மருந்து தெளிக்கும் விவசாயிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயால் ஊதி அடைப்பை நீக்குவது மிகக் கொடிய பழக்கம். அம்மருந்துகளிற் சில வாயை வெந்துபோகச் செய்பவை. உள்ளே சென்றால் உயிருக்கே உலை வைப்பவை. அவ்வாறு ஊதியபின் வாய் எரிந்தால் உடனே கொப்பளித்துத் துப்பிவிட்டு, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வலியைத் தணிக்கும் வழி

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, முக்கியமாக உணவுக்குப் பின், கொப்பளித்துத் துப்புவது எளிய முறை. பல் துலக்க மென்மையான தூரிகையைக் கொள்க. புண் ஆறும்வரை கரகரப்பான பொடிகளை விலக்குக. காரம், புளி, மிகு சூடு, முறுக்குப் போன்ற கடினப் பண்டங்கள் ஆகியவற்றைச் சில நாட்கள் நிறுத்திவைக்கலாம். குழைந்த தயிர்ச்சோறு, ஆறிய கஞ்சி, மோர், பாலில் ஊறிய இட்லி, இளநீர் முதலியன எரிச்சலின்றி உள்ளே செல்லும். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் சேர்த்துக் காரமின்றிச் சமைத்து உண்பது நம் பாட்டிமார் வழிவந்த வழக்கம். அது நல்ல உணவாதலின் அவ்வழக்கத்தைத் தொடர்வதில் தவறில்லை. வலி பொறுக்க இயலாதெனின், புண்மீது தடவுவதற்கென்றே உள்ள களிம்புகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

செய்யத்தகாதவையும் உண்டு. மாத்திரையைப் பொடித்துப் புண்மீது வைப்பதும், சுண்ணாம்பு போன்ற எரிக்கும் பொருள்களைத் தேய்ப்பதும் புண்ணை ஆழமாக்கும். வலி மரத்துப்போகுமென்று எண்ணிப் புகையிலையை அவ்விடத்தில் அடக்குவது, பாம்பை மடியில் கட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அடிக்கடி வருமாயின்

சிலருக்கு ஒரு புண் ஆறுமுன்னரே மற்றொன்று எழும். இத்தகையோர் உடலில் இரும்புச் சத்தோ, போலிக் அமிலமோ, பி12 வைட்டமினோ குறைந்திருக்கக்கூடும். சிறு இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். கீரையும் பருப்பும் முதல் இரண்டைத் தருவன. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்கு உடலில் ஏறும். உணவு உண்ட கையோடு காப்பி, தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும். பி12 சத்தோ பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. இருக்கும் பாலனைத்தையும் விற்றுவிட்டு வீட்டில் கடுங்காப்பி அருந்தும் குடும்பங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். குடும்பத்தார் யாவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மாருக்கே இக்குறை மிகுதி என்பதையும் ஆடவர் நினைவிற் கொள்க.

பதினான்கு நாள் கணக்கு

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. வலி மிகுந்த புண்ணே ஆபத்தானது, வலிக்காத புண் ஒன்றும் செய்யாது என்று பலரும் கருதுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. துடிதுடிக்கச் செய்யும் சிறு புண் இரு வாரங்களில் தானே மறைகிறது. வாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலியின்றியே வருகிறது. வலி தொடங்கும்போது நோய் வேரூன்றிவிட்டிருக்கும்.

வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுவது தறிக்கூடங்களிலும் களத்துமேடுகளிலும் நெடுங்காலப் பழக்கம். அசதி தெரியாதிருக்கவும் பசியை மறக்கவும் அது உதவுவதாகச் சொல்வர். ஆனால் புகையிலை புற்றுநோயை விளைவிப்பது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. புகையிலை சேராத வெறும் பாக்கும் அத்தகையதே என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளது. பாக்கை இடைவிடாது மெல்லுவோர் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாயைத் திறப்பதே அரிதாகிவிடும். காரம் சிறிதும் தாங்காத எரிச்சல் அதன் முதற் குறி.

ஆகவே, ஒரு புண் தோன்றிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 14 நாட்கள் கடந்தும் ஆறாவிடில், வலி இருப்பினும் இல்லாவிடினும், பல் மருத்துவரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். வாயில் அழியாத வெள்ளைப் படை அல்லது சிவப்புப் படை, தடிப்பு, காரணமின்றி ஆடும் பல், விழுங்குவதில் தொல்லை, கழுத்தில் கட்டி, மூன்று விரல்களை ஒருங்கே நுழைக்க இயலாதபடி குறுகிய வாய் ஆகியவற்றுள் எது காணப்படினும் பதினான்கு நாள் காத்திருத்தலும் வேண்டா, உடனே செல்லுங்கள்.

முன்னதாகக் கண்டால் உயிரைக் காக்கலாம் என்பதற்குச் சான்று நம் அண்டை மாநிலமான கேரளத்திலேயே உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று, மக்களின் வாயை வெளிச்சத்தில் கண்ணாற் பார்த்தனர். ஐயத்திற்குரியவரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. கண்ணும் வெளிச்சமும் கவனமுமே போதுமாயிருந்தன.

சங்கம் செய்யத்தக்கது

மாதம் ஒருமுறை, சூரிய வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். உதடுகளை மடித்தும், கன்னங்களை விரலால் ஒதுக்கியும், நாவை நீட்டியும் தூக்கியும் நோக்குங்கள். புகையிலை அடக்கும் பக்கத்தை இருமுறை பாருங்கள். வயது முதிர்ந்தோருக்கு வீட்டிலுள்ள இளையோர் பார்த்துச் சொல்லலாம். ஆண்டுக்கொருமுறை சங்கக் கட்டடத்தில் பல் மருத்துவரை அழைத்து அங்கத்தினர் யாவரையும் பரிசோதிக்கச் செய்வது, நிர்வாகக் குழுவினர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். ஒருநாள் கூலி போய்விடுமே என்று தயங்குவோருக்கு அதுவே பேருதவியாக அமையும்.

புகையிலையை விட முயல்வோர் தனியே போராட வேண்டுவதில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் விட்டால் ஒருவருக்கொருவர் துணையாவர். பீடி, சிகரெட்டை விட்ட சில வாரங்களில் சிலருக்குச் சிறு வாய்ப்புண்கள் எழுவதுண்டு. அவை ஆறிவிடும், அதற்கஞ்சி மீண்டும் பழைய வழக்கத்துக்குத் திரும்புதல் கூடாது.

பாவில் ஓர் இழை அறுந்தால், அடுத்த குறுக்கிழை ஓடுமுன் தறியை நிறுத்தி முடிச்சிடுகிறோம். பயிரில் ஓர் இலை பழுத்தால் வரப்பிலேயே நின்று காரணம் தேடுகிறோம். துணிக்கும் பயிருக்கும் காட்டும் இக்கவனத்தை நம் வாய்க்கும் காட்டுவோமாக. வலிக்கும் புண்ணைப் பொறுமையோடு ஆற்றுவோம். ஆறாத புண்ணைப் பொறுமையின்றிக் காட்டுவோம்.